மேற்குப் பாறையும் ஏழாவது கொடியும்

1

போன ஞாயிற்றுக்கிழமை செந்துறையிலிருந்து அப்பா பேசினார். செந்துறைக்கும் அரியலூருக்கும் நடுவே பஸ் கண்டக்டராக ஓடி ஓய்ந்தவர். இப்போதும் போனை எடுத்தால் பின்படியில் நிற்பவருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"ஏம் பாப்பா, ஜூன் மாசம் பார்க்குல என்னமோ வெளையாட்டு நடத்துனியே, அதப் பத்தி டீக்கடையில கேக்குறாங்க. எனக்கு வெளக்கத் தெரியல. ஒரு பேப்பர்ல எழுதி அனுப்பு, படிச்சுக் காட்டிடறேன்."

சரி என்று உட்கார்ந்தேன். எழுத எழுத டீக்கடையை விட்டு எங்கேயோ போய்விட்டது, அப்பா பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆகஸ்டோடு நான் ஸ்வீடனுக்கு வந்து பதினெட்டு வருஷம் முடிந்தது. அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டின் பெயர் ஓரியன்டியரிங். கையில் ஒரு வரைபடம் தருவார்கள். அதில் பத்துப் பன்னிரண்டு வட்டங்கள் போட்டு எண் எழுதியிருக்கும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும், அது காடோ பூங்காவோ, வெள்ளையும் ஆரஞ்சுமாக ஒரு துணிக்கூண்டு தொங்கும். எங்கள் வீட்டில் அதைக் கொடி என்போம். விரலில் மாட்டிய சின்னக் குச்சியைக் கொடியருகே இருக்கும் பெட்டியில் செருகினால் பீப் என்று சத்தம் வரும், நீங்கள் வந்த நேரம் பதிந்துவிடும். ஒன்றிலிருந்து கடைசி வரை வரிசையாகத் தொட்டுவிட்டு யார் சீக்கிரம் திரும்புகிறாரோ அவர் கெட்டிக்காரர். எந்த வழியாகப் போவது என்பது அவரவர் பாடு.

இதை முதலில் சொன்னபோது அப்பாவுக்கு நியாயமான ஒரு சந்தேகம் வந்தது.

"வழி தெரியலன்னா யாரையாவது கேக்க வேண்டியதுதான?"

"கேக்கக் கூடாதுப்பா. அதான் வெளையாட்டே."

"கேட்டா சொல்ல மாட்டாங்களா? என்ன ஊரு பாப்பா அது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. கல்யாணமான புதிதில், என் கணவர் முருகேசன் வெளிநாட்டில் இருக்க, நான் மட்டும் ஒரு பையோடு வேப்பந்தட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி அவர் சித்தப்பா வீடு எது என்று கேட்டேன். நான் கேட்ட அம்மாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு என்னோடு நடந்தார், வாசல் வரைக்கும் வந்தார், உள்ளே வந்து உட்கார்ந்து காபியும் குடித்தார். அரை மணி நேரத்தில் என் குடும்பக் கதை முழுக்க அவருக்குத் தெரிந்துபோனது. எங்கள் பக்கத்தில் வழி சொல்வது என்றால் அதுதான். கையை நீட்டிக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறவரைக் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் நினைப்போம்.

2

நான் இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை செய்கிறேன். அரியலூரில் கல்லூரிக்குப் போய் பி.எஸ்சி. கணிதம் படித்தவள், இப்போது நானூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வேக வைக்கிறேன். இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. குளிர்காலத்தில் சூடான இடம், உடன் வேலை செய்பவர்களும் நல்ல மாதிரி. வருத்தமெல்லாம் மொழியில்தான். ஸ்வீடிஷ் பேசினால் சமாளித்துவிடுவேன். எழுதினால் எங்கேயாவது கால் இடறும்.

எங்கள் ஒரே மகள் யாழினிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இங்கே பிறந்தவள், பதினாறு வயது. அவள் பெயரில் இருக்கும் ழ இவர்கள் வாயில் நுழையாது என்பதால் கிளப்பில் எல்லாரும் யாலினி என்பார்கள். இப்போதெல்லாம் புதிதாக யாரிடமாவது பெயர் சொல்லும்போது அவளே யாலினி என்றுதான் சொல்கிறாள். நான் முதல் தடவை அதைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

ஒன்பது வயதில் ஒரு தோழியோடு கிளப்புக்குப் போய் ஓட ஆரம்பித்தவள். காட்டுக்குள் தனியாக விடுகிறார்களே என்று நான் தவித்த தவிப்பு கொஞ்சமில்லை. இன்று இந்த ஊர்ப் பிள்ளைகளில் அவளைத் தோற்கடிக்கிறவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். அதைவிட முக்கியம், அவள் கண்ணுக்குத் தப்பி வீட்டிலிருந்து ஓர் எழுத்து வெளியே போகாது. வீட்டு உரிமையாளருக்கு நான் எழுதுகிற கடிதம், ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற செய்தி, வேலையிடத்தில் லீவு கேட்கிற சீட்டு, எல்லாவற்றுக்கும் பத்து வயதிலிருந்து ஒரே வாக்கியம்தான்.

"அம்மா, அனுப்பாத. நான் பாக்கறேன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கொடுக்க மாட்டேன் என்பேன். பிறகு கொடுத்துவிடுவேன்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. புதன்கிழமை மாலைப் போட்டியைக் குடும்பங்கள் முறைவைத்து நடத்த வேண்டும். ஏழு வருஷமாக எங்கள் முறை வரும்போதெல்லாம் முருகேசன் மேஜை போட்டு காபி ஊற்றுவார், நான் பன் சுடுவேன், கொடிகள் எங்கெங்கே என்று தடம் போடுகிற வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். இந்த வருஷம் கிளப்பின் செயலாளர் ஷெஷ்டின் "தடம் யார் போடுவது?" என்று கேட்டபோது நான் கையைத் தூக்கிவிட்டேன். ஷெஷ்டின் எழுபதைத் தாண்டிய பெண்மணி, தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவர், சொற்களைச் சில்லறை மாதிரி எண்ணித்தான் செலவழிப்பார். "செல்வி. நல்லது" என்று எழுதிக்கொண்டார். யாழினிதான் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

ஏன் கையைத் தூக்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் யாழினி வீட்டை விட்டுப் போவது முடிவாகியிருந்தது. ரயிலில் ஐந்து மணி நேரத் தூரத்தில், இந்த விளையாட்டுக்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கும் மேல்நிலைப்பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. அங்கே தனி அறை, சொந்தச் சமையல். இங்கே பதினாறு வயதில் இது சாதாரணம். ஊரில் சொன்னால் பெண்ணை வீட்டை விட்டுத் துரத்திவிட்டோம் என்பார்கள். சம்மதக் கையெழுத்துப் போட்ட அன்று நான் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

அவள் போவதற்குள், அவள் கைவைத்துத் திருத்த வேண்டியில்லாத ஒரே ஒரு காரியத்தை நான் செய்துகாட்ட வேண்டும். தூரத்தில் இருந்து அம்மாவை நினைக்கும்போது பிழையான கடிதங்கள் மட்டும் அவளுக்கு ஞாபகம் வரக் கூடாது. அந்த ஆசையில்தான் தூக்கினேன்.

3

ஆரம்பமே சரியில்லை. பூங்கா நகராட்சிக்குச் சொந்தம், அனுமதி வாங்க வேண்டும். படிவம் ஐந்து பக்கம். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, கழிப்பறை எங்கே, ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக வரும், ஏரிக்கரையில் வாத்து அடைகாக்கிற மூலைக்குள் யாரும் போகாமலிருக்க என்ன ஏற்பாடு. வாத்துக்கு மட்டும் இரண்டு கேள்வி. யாழினியிடம் காட்டாமல் நானே நிரப்பி அனுப்பினேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். 'சுமார் எண்பது பேர் மாலை ஆறு மணி முதல் பூங்காவில் வழிதவறிப் போவார்கள் என்று தெரிவித்திருக்கிறீர்கள். அவர்களைத் திரும்ப அழைத்துவர என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று தெரிவிக்கவும்.'

வழி கண்டுபிடித்து ஓடுவார்கள் என்று எழுதுவதாக நினைத்து அப்படி எழுதி வைத்திருக்கிறேன். யாழினி கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு சோபாவில் விழுந்து சிரித்தாள்.

"அம்மா, இத நான் ஹாஸ்டல் ரூம்ல மாட்டப் போறேன்."

"மாட்டு, மாட்டு. அம்மா மானத்த அங்கயும் கொண்டு போ."

இரண்டு நிமிஷத்தில் சரியான பதிலை எழுதி அனுப்பிவிட்டாள். முருகேசன் வேறு, "நீ உண்மையத்தான எழுதியிருக்க" என்றார். அன்றைக்கு அவருக்கு வெறும் மோர்சாதம்தான் கிடைத்தது.

4

மொழியில்தான் எனக்குப் பயம். திசையில் ஒரு பயமும் இல்லை. எங்கள் பக்கம் வலது இடது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "கெழக்கால நகந்து உக்காரு" என்பார்கள். அலமாரியில் "மேக்கால இருக்கற டப்பாவ எடு" என்பார்கள். அப்பா பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம், "ஆயா, வடக்கால சீட்டுல உக்காருங்க, வெயில் அடிக்காது" என்று சொல்லித்தான் டிக்கெட்டே கிழிப்பார். எந்தப் புது இடத்துக்குப் போனாலும் முதலில் சூரியனைப் பார்த்து நாலு திசையையும் மனதுக்குள் நிறுத்திக்கொள்வோம், அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவோம்.

தூங்குவதற்கும் திசை உண்டு. வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்குக் காரணம் தேவையில்லை, அப்படிப் படுத்தால் தூக்கம் வராது. ஸ்வீடனில் இதுவரை நான்கு வீடு மாறியிருக்கிறோம். நான்கிலும் சாமான் இறக்கியதும் முதல் வேலை கட்டிலைத் திருப்பிப் போடுவது.

பதிமூன்று வயதில் யாழினி தன் கட்டிலைத் தானே மாற்றிப் போட்டாள். சார்ஜர் செருகுகிற பிளக் வடக்குச் சுவரில் இருந்ததாம். நான் சத்தம் போட்டேன். அவள் காம்பஸை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள்.

"அம்மா, வடக்கு ரெண்டு இருக்கு. காம்பஸ் காட்டற வடக்கு வேற, நெஜ வடக்கு வேற. எதுல தல வெக்கக் கூடாது?"

"ரெண்டுலயும் வெக்காத."

"ஏன்னு சொல்லு."

"எங்கம்மா சொன்னாங்க."

"அது ரீசன் இல்லம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து மூன்று வருஷம் வடக்கே தலை வைத்துத்தான் தூங்கினாள். நன்றாகவே தூங்கினாள் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

5

போட்டிக்கு ஐந்து நாள் முன்பு இடங்களைக் குறிக்கப் போனேன். முறை இதுதான். தடம் போடுகிறவர் ஒவ்வொரு வட்டத்துக்கும் போய், கொடி தொங்கவேண்டிய இடத்தில் ஒரு துண்டு நாடாவைக் கட்டி எண் எழுதிவிட்டு வர வேண்டும். அடுத்த மூன்று நாளில் சரிபார்ப்பவர் என்று இன்னொருவர் தன் வரைபடத்தோடு தனியாகப் போய் ஒவ்வொரு நாடாவையும் பார்த்து, சரியாக இருந்தால் டிக் அடித்துக் கையெழுத்திட வேண்டும். போட்டியன்று நாடா இருக்கிற இடத்தில் கொடியைத் தொங்கவிட்டால் போதும். யார் சரிபார்ப்பது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பட்டியலில் ஷெஷ்டின் ஏற்கெனவே யாழினியின் பெயரை எழுதியிருந்தார்.

வேலை முடிந்து, வீட்டுச் சமையலும் முடிந்து நான் பூங்காவுக்குள் நுழைந்தபோது மணி எட்டரை. ஜூன் மாதத்தில் இங்கே எட்டரைக்குப் பளீரென்று வெயில் இருக்கும். பெரிய பூங்கா. ஓர் ஏரி, இரண்டு பாலம், ஒரு குதிரைச் சிலை, கோடியில் காடு மாதிரி மரங்கள். பாலத்தின் முனை, சிலையின் பின்புறம், பாதை பிரிகிற இடம் என்று பதினோரு இடங்கள் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிற மாதிரி இருந்தன. ஏழாவது மட்டும் மரங்களுக்குள். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் மூன்று பாறைகள் முக்கோணமாகக் கிடக்கும். நடுவே அடர்ந்த புதர், ஒரு பாறையிலிருந்து அடுத்தது தெரியாது. 'மேற்கே உள்ள பாறை' என்று ஓடுகிறவர்களுக்குத் தரும் குறிப்பில் நானே எழுதியிருந்தேன்.

மரங்களுக்கு நடுவே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் இதமாக அடித்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து நடந்தேன், எதிரே வந்த பாறையில் நாடாவைக் கட்டினேன், 7 என்று எழுதினேன். கழுத்தில் காம்பஸ் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடவே இல்லை. சூரியன் இறங்குகிற பக்கம் எது என்று பார்க்க எந்த ஊர்க்காரர் கருவியைத் தேடுவார்?

மூன்றாம் நாள் யாழினி தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். பன்னிரண்டு டிக். திருத்தம் ஒன்றுகூட இல்லை.

"எல்லாம் சரியா இருக்கா?" என்றேன்.

"ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் தாளை அடுப்படிக்கு எடுத்துப் போய் இன்னொரு தடவை எண்ணினேன். பன்னிரண்டு. என் டிகிரி மார்க் ஷீட்டைக்கூட அப்படிப் பார்த்தது கிடையாது. உடனே அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் "சபாஷ்" என்றார்.

6

புதன்கிழமை வானம் துடைத்து விட்டது போல் இருந்தது. எண்பது பேர் என்று எழுதியிருந்தோம், அதற்கும் மேலேயே வந்தார்கள். கைத்தடியோடு நடக்கிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓட வந்த ஓர் அம்மா. முருகேசன் காபி மேஜையில், யாழினி கணினி மேஜையில். ஓடி முடித்தவர்களின் குச்சியை வாங்கி நேரம் பார்க்கிற வேலை அவளுக்கு. நான் கிளப்பின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்காரி மாதிரி எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு முதல் ஆளை விட்டோம், பிறகு நிமிஷத்துக்கு ஒருவர்.

முதலில் போனவர் என் பல் மருத்துவர். நெட்டையான மனிதர், எப்போதும் முதலில் திரும்புகிறவர். இருபத்தைந்து நிமிஷத்தில் வந்திருக்க வேண்டும். முப்பத்தைந்தாயிற்று. அவருக்குப் பின்னால் போனவர்களும் வரவில்லை. ஷெஷ்டின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

நாற்பதாவது நிமிஷத்தில் பல் மருத்துவர் வந்தார். நெற்றியில் முள் கீறல், முழங்கால் வரைக்கும் சேறு. என் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியபோது பேசிய அதே மெதுவான குரலில், "ஏழாவது கொடி அதன் இடத்தில் இல்லை. வடக்கே இருக்கிற பாறையில் தொங்குகிறது. பதினைந்து பேர் புதருக்குள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்றார்.

"மேற்குப் பாறையில்தான் கட்டினேன்" என்றேன். "சூரியன் இறங்குகிற பக்கம் பார்த்துக் கட்டினேன்."

ஷெஷ்டின் கேட்டார், "எத்தனை மணிக்கு?"

"எட்டரைக்கு."

"ஜூன் மாதம் எட்டரைக்குச் சூரியன் மேற்கைத் தாண்டி வடமேற்குக்குப் போயிருக்கும், செல்வி."

இதை நான் பதினெட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஜூனில் எங்கள் வடக்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் வரும், துணி காயப்போடுவேன். டிசம்பரில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பார்த்தும் உறைக்கவில்லை. என் உடம்புக்குள் ஒரு சூரியன் இன்னும் செந்துறையில்தான் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

கோபம் என் மேல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேரே கணினி மேஜைக்குப் போய் தமிழில் கத்தினேன். தமிழில் கத்தினால் சுற்றியிருப்பவர்களுக்குப் புரியாது என்பது இங்கே ஒரு சௌகரியம்.

"பன்னெண்டு டிக் போட்டியேடி, ஏழாவத நீ பாக்கலையா?"

அவள் நிமிர்ந்தாள். "பாக்கல."

"பாக்கலையா!"

"மொத ரெண்டும் பாத்தேன். கரெக்டா இருந்துச்சு. அப்புறம் பாக்கல. ஏரிகிட்ட பெஞ்ச்ல உக்காந்துட்டு வந்துட்டேன்."

"ஏன்டி?"

"நீ வெச்சதுதானம்மா."

பத்து வயதிலிருந்து நான் எழுதிய ஒரு கமாவைக்கூட நம்பாதவள். என்னை நம்பி பத்து டிக் அடித்திருக்கிறாள். அவள் திருத்தாத ஒரு காரியம் வேண்டும் என்று நான் கேட்டது அப்படியே நடந்திருக்கிறது, ஊர் முழுக்கப் புதருக்குள் நிற்கிறது. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த அவமானத்தையும் சந்தோஷத்தையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் புதருக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். யாருக்கும் நல்ல முகம் இல்லை. யாழினி எழுந்தாள். காபி மேஜை பக்கத்திலிருந்த பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

"ஏழாவது கொடி தவறான பாறையில் இருக்கிறது" என்று ஸ்வீடிஷில் சொன்னாள். "சரிபார்க்க வேண்டியவள் நான். பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். தவறு என்னுடையது. மன்னிக்கவும்."

ஏன் பார்க்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள், நான் தப்பித்திருக்க மாட்டேன் என்று ஒரு கணம் தோன்றியது. என் மகளை அங்கே தனியாக நிற்கவிட எனக்கு மனசு வரவில்லை. நானும் பெஞ்சில் ஏறினேன். இரண்டு பேருக்கு அது கொஞ்சம் குறுகல், அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொடியை வைத்தது நான்" என்றேன். இலக்கணத்தை யோசிக்கவில்லை, வந்தபடி பேசினேன். "காம்பஸ் பார்க்கவில்லை. சூரியனைப் பார்த்தேன். எங்கள் ஊரில் சூரியன் மேற்கில்தான் இறங்கும்."

ஷெஷ்டின்தான் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தார்.

"இங்கேயும் இறங்கும். வருஷத்தில் இரண்டு நாள்."

முதலில் சிரித்தவர் பல் மருத்துவர். பிறகு எல்லாரும். ஆறாவது கொடியிலிருந்து எட்டாவது வரை ஆன நேரத்தைக் கணினியில் எல்லாருக்கும் கழித்துவிடலாம் என்று ஷெஷ்டின் வழி சொன்னார், யாழினி கழித்தாள். குழந்தை வண்டியோடு வந்த அம்மா மட்டும், புதருக்குள் காட்டு ஸ்ட்ராபெரி நிறைய இருந்தது, குழந்தை நன்றாகச் சாப்பிட்டது என்று எனக்குத் தனியாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

7

எல்லாரும் போன பிறகு கொடிகளைக் கழற்ற நானும் யாழினியும் போனோம். ஏழாவதுக்கு வந்தபோது மணி எட்டரை ஆகியிருந்தது. அதே வெளிச்சம், அதே இடம். அவள் காம்பஸை என் உள்ளங்கையில் வைத்து, ஊசி நிற்கும்வரை காத்திருந்தாள்.

"பாரு. சூரியன் எங்க இருக்கு, வெஸ்ட் எங்க இருக்கு."

பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு பாறை அளவு தூரம் இருந்தது. நான் கொடியைக் கழற்றிக்கொண்டு கேட்டேன்.

"இனிமே எல்லாத்தையும் செக் பண்ணுவல்ல?"

"பண்ணுவேன்."

"பண்ணு. அதான் நல்லது."

காம்பஸைத் திரும்ப வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தாள். பிறகு, "அங்க தாத்தா ஊர்ல சூரியன் கரெக்டா வெஸ்ட்லயா எறங்கும்?" என்றாள்.

"கொஞ்சம் அப்பிடி இப்பிடி போகும். ரொம்பப் போகாது. நம்பலாம்."

"ஈஸியான ஊரு" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. பாலத்தின் மேல் போகும்போது, "அதான் நீ தல வெக்கிற சைட் எல்லாம் பாக்கறியா?" என்றாள். நான் பதில் யோசிப்பதற்குள், "சரி, சரி, பாட்டி சொன்னாங்க" என்று தானே முடித்துவிட்டாள்.

அப்பாவிடம் மறுநாள் நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். "சூரியனையே நம்ப முடியாத ஊர்லயா நீ இத்தன வருசமா கெடக்கற?" என்றார். பிறகு குரல் மாறிவிட்டது. "புள்ள உன்னைய உட்டுக் குடுக்கல பாத்தியா. அது போதும் பாப்பா."

8

ஆகஸ்ட் நடுவில் அவளைக் கொண்டுபோய் விட்டோம். சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஓர் அலமாரி. முருகேசன் பெட்டிகளை மேலே தூக்கிக்கொண்டிருந்தபோது நான் கைப்பையிலிருந்து காம்பஸை எடுத்து, யாரும் பார்க்காத நேரத்தில் கட்டிலின் மேல் வைத்துப் பார்த்தேன். இப்போதெல்லாம் நான் சூரியனைக் கேட்பதில்லை. கட்டிலின் தலைமாடு அச்சாக வடக்கு. பிளக்கும் அந்தப் பக்கம்தான்.

வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு காம்பஸைப் பைக்குள் போட்டேன். சட்டி பானையை அடுக்கிக் கொடுத்தேன், மிளகாய்த்தூள் டப்பாவில் பெயர் எழுதி ஒட்டினேன். அவள் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் நகராட்சி அனுப்பிய கடிதத்தை நிஜமாகவே ஒட்டிக்கொண்டிருந்தாள். எண்பது பேர் வழிதவறிப் போகிற கடிதம். போகும்போது கட்டிப் பிடித்துக்கொண்டாள், "போயிட்டு வாங்க" என்றாள். ரயிலில் முருகேசன் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார்.

மூன்றாம் நாள் சமையற்கட்டில் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. யாழினியின் அறை. கட்டில் சுவரை விட்டு விலகி, கதவைப் பாதி மறித்துக்கொண்டு, எதிர்ப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. தலையணையின் மேல் காம்பஸ். கீழே செய்தி.

"கட்டில திருப்பிட்டேன். பிளக் எட்டல, வயர் வாங்கணும். கதவு முழுசா தொறக்க மாட்டேங்குது, பரவால்ல. தல சவுத்ல இருக்கு. நான் வெச்சுட்டேன், நீ செக் பண்ணிடும்மா."

கையைத் துடைத்துக்கொண்டேன். படத்தில் காம்பஸ் மிளகு அளவுதான் இருந்தது. ஊசி எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் பெரிதாக்க வேண்டும். இரண்டு விரல்களைத் திரையில் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

"நீ வெச்சதுதானடி" என்று எழுதி அனுப்பினேன்.